முதுமையில் சிறுநீரகம்: நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் செய்வது என்ன?

மாணவர்களே, "முதியோரிடம் சிறுநீரக நோய் கூடுதலாகக் காணப்படுவது ஏன்?" என்று கேட்டால், "வயது போனதால்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகின்றீர்கள். இது பாதி விடைதான். புள்ளிகள் மற்றப் பாதிக்கே உண்டு.

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. இரு சிறுநீரகங்களினதும் கலன்கோளங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் வடிகட்டப்பட்டு, அதில் பெரும்பகுதி மீள அகத்துறிஞ்சப்படுகின்றது. 1.5 லீற்றர் அளவே சிறுநீராக வெளியேறும். பிறந்த பின்னர் புதிய சிறுநீரகத்திகள் உருவாவதில்லை, அழிந்தது அழிந்ததுதான். நடுத்தர வயதின் பின் வடிகட்டும் வேகமும் மெல்லக் குறைகின்றது. எனினும், வேறு நோயில்லாத முதியவருக்கு எஞ்சியவை பெரும்பாலும் போதும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர் மற்றையதுடன் வாழ்கின்றார் அல்லவா?

நீரிழிவு சேரும்போதுதான் நிலைமை மாறுகின்றது. குருதியில் குளுக்கோசு பல ஆண்டுகள் மிகையாக இருந்தால் கலன்கோளத்தின் நுண்ணிய குருதிக் குழாய்கள் சேதமடைகின்றன. தேத்தண்ணீர் வடியில் கிழிசல் விழுந்தால் சக்கை கோப்பைக்குள் வருவதுபோல, குருதியில் நிற்க வேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீருக்குள் ஒழுகுகின்றது. இந்நிலையில் வலி இராது. எனவேதான் சுகமாக இருக்கும் நீரிழிவு நோயாளரின் சிறுநீரையும் வைத்தியர் சோதிக்கின்றார்.

இங்கே ஓர் இடறல் உண்டு. சிறுநீரில் குளுக்கோசு காணப்படுவதும் புரதம் காணப்படுவதும் ஒன்றல்ல. முதலாவதில் வடி பழுதடைந்திருக்க வேண்டியதில்லை. குருதியில் குளுக்கோசு மிகுந்ததால் சிறுகுழாய்களால் முழுவதையும் மீள அகத்துறிஞ்ச முடியவில்லை, அவ்வளவே. தொடர்ந்து புரதம் வெளியேறுவதோ வடிக்கே சேதம் ஏற்பட்டிருப்பதைக் காட்டும் அறிகுறியாகும்.

உயர் குருதியமுக்கம் சிறுநீரகத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் சிறு நாடிகளைத் தடிப்பாக்கி ஒடுக்குகின்றது. குருதி குறைவாக வருவதை உணரும் சிறுநீரகம் றெனினைச் சுரக்க, அமுக்கம் மேலும் ஏறுகின்றது. ஆகவே உயர் குருதியமுக்கம் சிறுநீரக நோயின் காரணமாகவும் விளைவாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள்.

முதியோரில் இதைக் கண்டுபிடிப்பதும் இலகுவல்ல. கிரியற்றினின் தசைகளிலிருந்து வரும் கழிவு. தசை மெலிந்த ஒரு பாட்டியின் குருதியில் அது இயல்பான அளவில் இருந்தாலும் சிறுநீரகம் பலவீனமாக இருக்கக்கூடும். அவர் மூட்டு வலிக்கென்று இபுபுறோபன், டைக்குளோபெனக் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே நாள்தோறும் விழுங்கினால், சிறுநீரகத்துக்கான குருதியோட்டம் இன்னும் குறையும். உங்கள் வீட்டிலும் அப்படியொரு மாத்திரை அட்டை இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த கிளினிக்குக்கு அதையும் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.

வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளிடையே அறியப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோயை இதனுடன் குழப்ப வேண்டாம். அது நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களையும், முதுமை அடையாதவர்களையும் தாக்குகின்றது. அதனாலேயே "காரணம் அறியப்படாத" என்னும் அடைமொழி அதற்கு வந்தது.

பயிற்சி: 15 ஆண்டுகளாக நீரிழிவுள்ள 68 வயதான ஒருவரின் சிறுநீரில் அல்புமின் தொடர்ந்து காணப்படுகின்றது. சிறுநீரகத்தியின் எப்பகுதி சேதமடைந்துள்ளது? காரணம் தருக.