அம்புக்குறியில் எழுதாத எண்

மென்பொருள் கட்டமைப்பு படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே பலகை நிறையக் கட்டம் போட்டுவிடுவார்கள். ஒரு கட்டத்தில் ‘சர்வர்’, இன்னொன்றில் ‘டேட்டாபேஸ்’, நடுவில் ஓர் அம்புக்குறி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த அம்பு வழியே என்ன போகிறது, அதிகபட்சம் எவ்வளவு போகலாம், தவறாக ஏதாவது வந்தால் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். பாடம் அங்கேதான் ஆரம்பம்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. உள்ளே நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள். சுமார் 40 விநாடிதான்; ராக்கெட் சட்டென்று சாய்ந்து, உடைந்து, வெடித்துச் சிதறியது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு அடுத்த மாதமே விசாரணை அறிக்கை தந்தது. கட்டமைப்பு பற்றிய பல தடித்த பாடப்புத்தகங்களைவிட அந்தச் சிறிய அறிக்கையே மேல் என்பது என் கட்சி.

ராக்கெட்டின் சாய்வையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவியின் நிரல், பழைய ஏரியான் 4-இலிருந்து எடுத்துவந்தது. கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு மதிப்பை அது 64 பிட் எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும். அந்த 16 பிட்டில் 32,767-க்கு மேல் இடம் கிடையாது. ஏரியான் 4-க்கு அது தாராளம். ஏரியான் 5-க்கோ கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். உழக்கில் படி அரிசியைக் கொட்டினால் மிச்சம் சிந்தும், அவ்வளவுதான்; இங்கே உழக்கே வேலையை நிறுத்திவிட்டது. மாற்றுக் கருவி ஒன்று இருந்ததே என்றால், அதிலும் அதே நிரல். 72 மில்லி விநாடிச் சுற்று ஒன்றுக்கு முன்னரே, அதே காரணத்தால் அது படுத்துவிட்டிருந்தது.

இனிதான் கூத்து. படுத்த கருவி தன் கோளாறு விவரத்தை, வழக்கமாகத் தரவு அனுப்பும் அதே வழியில் அனுப்பியது. தலைமைக் கணினி அதைப் பறப்புத் தரவு என்று நம்பி, இல்லாத சாய்வைத் திருத்த எஞ்சின் முனைகளை ஒரேயடியாகத் திருப்பியது. இத்தனைக்கும் காரணமான அந்தக் கணக்கு, ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எதற்குமே தேவைப்படாத ஒன்று.

நிரலை எழுதியவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. இப்படி வழிந்துவிடக்கூடிய ஏழு மதிப்புகளை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். கருவியின் கணினிக்கு வேலைச்சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்ததால், நான்குக்கு மட்டும் காப்பு வைத்து மூன்றை விட்டார்கள். ஏன் விட்டோம் என்ற குறிப்பு நிரலுக்குள் எங்கும் இல்லை.

படம் வரையும் முறைகள் பல உண்டு. 1997-இல் தரமாக ஏற்கப்பட்ட யூஎம்எல்லில் யார் யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார்கள் என்று காட்டலாம். சைமன் பிரவுனின் சி4 முறை, முழு அமைப்பையும் எட்ட நின்று பார்த்துவிட்டுப் படிப்படியாக நிரல்வரை இறங்கச் சொல்கிறது. எதையும் பழகலாம். எதை எடுத்தாலும் ஒவ்வோர் அம்பின் மேலும் அலகு, எல்லை, தவறினால் என்ன என்பதை எழுதுங்கள். ஒரு வசதியை வேண்டாமென்று விட்டால் காரணத்தை ஓரத்தில் ஒரு வரியாகவாவது குறித்துவையுங்கள்.

ஏரியான் 5-க்கான கருவித் தேவைகளில் புது ராக்கெட்டின் பறப்புப் பாதை சேர்க்கப்படவில்லை. முழு அமைப்புச் சோதனையிலும் உண்மையான கருவியின் இடத்தில் அதைப் போல நடிக்கும் மென்பொருளே உட்கார்ந்திருந்தது. விபத்துக்குப் பிறகு, அந்தக் கருவியின் நிரலுக்கு உண்மைப் பாதையின் எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். கூரூவில் நடந்தது அப்படியே கணினியிலும் நடந்தது.