சிறுவர் விளையாட்டுக்கள்: மறைந்துபோன கடைக் காவல்

வன்முறை நிறைந்த வீடியோ விளையாட்டுக்கள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்ற எச்சரிக்கை புதியதல்ல. அமெரிக்காவில் இது தொடர்பாக 1993 ஆம் ஆண்டு செனட் சபை விசாரணை நடத்தியதையடுத்து, வயது வரம்பைக் குறிக்கும் முத்திரைகளை வழங்கும் சபையொன்றை 1994 இல் இத்துறையினரே அமைத்துக்கொண்டனர். திருடனிடமே சாவியைக் கொடுத்த கதையென இதனைச் சந்தேகித்தோர் பலர். மினியாபொலிஸ் நகரில் டேவிட் வோல்ஷ் நிறுவிய, ஊடகத்துக்கும் குடும்பத்துக்குமான தேசிய நிறுவகம், 2009 இல் மூடப்படும் வரை, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையைப் போன்று இத்துறைக்குத் தரம் இட்டு வந்தது.

இவ்வழுத்தங்கள் வீண்போகவில்லை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2000 ஆம் ஆண்டு இரகசியமாகச் சோதித்தபோது, தனியே கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களில் 85 வீதமானோரால், 17 வயதுக்குக் குறைந்தோருக்கு உகந்ததல்ல என முத்திரையிடப்பட்ட விளையாட்டுக்களை வாங்க முடிந்தது. 2011 இல் வெளியான முடிவில் அது 13 வீதமாகக் குறைந்திருந்தது.

எனினும், விளையாட்டே கொலைகாரர்களை உருவாக்குகின்றது என்ற வாதம் எடுபடவில்லை. சிறுவர்களுக்கான விற்பனையைத் தடைசெய்த கலிபோர்னியச் சட்டத்தை 2011 இல் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. கூச்சலிடுதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்துடன் சிறியதொரு தொடர்பு உண்டு, ஆயினும் வன்செயல்களுக்கு இவையே காரணம் எனக் கூறப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் தெரிவித்தது. மிகைப்படக் கூறியதால் எச்சரித்தோர் தமது வாதத்தைத் தாமே பலவீனப்படுத்திக் கொண்டனர் என்றே நாம் கருதுகின்றோம்.

இதற்கிடையில் கடையே மறைந்துவிட்டது. இன்று விளையாட்டு இலவசமாகக் கையடக்கத் தொலைபேசிக்கு வந்து சேர்கின்றது. பணம் பின்னர் சிறிது சிறிதாகக் கறக்கப்படுகின்றது. 'போர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 இல் 52 கோடி டொலர் செலுத்த இணங்கியது. இதில் 27.5 கோடி, 13 வயதுக்குக் குறைந்தோரின் தகவல்களைப் பெற்றோரின் அனுமதியின்றித் திரட்டியதற்கானது. எஞ்சிய 24.5 கோடி, விரும்பாத கொள்வனவுகளில் சிக்கியோருக்கான மீளளிப்பாகும். உறங்கு நிலையிலிருந்த விளையாட்டை எழுப்ப ஒரு பொத்தானை அழுத்தினாலே பணம் கழிந்ததாக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியிருந்தது. இத்தனைக்கும் அவ்விளையாட்டில் ஒரு துளி இரத்தமும் தெறிப்பதில்லை!

நேரத்தைப் பொறுத்தவரை, 2 முதல் 4 வயது வரையான குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரைமுன் அமர்ந்திருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டல். வளர்ந்த பிள்ளைகளிடம் மணித்தியாலங்களை எண்ணுவது மட்டும் போதாது. விளையாட்டு அடிமைநிலையை நோயாக வரையறுத்த அதே நிறுவனம் நோக்குவது, பிள்ளையால் நிறுத்த முடிகின்றதா, படிப்பும் நட்பும் பின்தள்ளப்படுகின்றனவா, பாதிப்பு தெரிந்தும் விளையாட்டு தொடர்கின்றதா என்பவற்றையே.