காலைக் கட்டலாமா... விடலாமா?

ஆஸ்திரியாவில் லியோகாங் என்று ஒரு மலை ஊர். 2015-ல் அங்கே 'டவுன்ஹில்' சைக்கிள் உலகக் கோப்பைப் பந்தயம். டவுன்ஹில் என்றால் பெரிய சூத்திரமெல்லாம் இல்லை. மலை மேலிருந்து ஒவ்வொருவராக சைக்கிளில் இறங்க வேண்டும். வழியில் பாறை, மர வேர், பள்ளம், சேறு எல்லாம் தாராளமாக உண்டு. யார் குறைந்த நேரத்தில் கீழே வந்து சேர்கிறாரோ அவருக்குக் கோப்பை.

அமெரிக்க வீரர் ஆரோன் க்வின் கிளம்பினார். வேகம் பிடிப்பதற்காக ஓங்கி மிதித்தார் பாருங்கள்... 'படக்'! செயின் அறுந்து போச்சு.

நாமாக இருந்தால் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, பஞ்சர் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்திருப்போம். மனுஷர் அப்படியே விட்டார். கீழே வரை ஒரு மிதிகூட மிதிக்க வழியில்லை. ஆனாலும் செயின் ஒழுங்காக இருந்த அத்தனை பேரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலில் வந்துவிட்டார்!

அப்படியானால் பெடல் என்னத்துக்கு என்று கேட்பீர்கள். நிற்பதற்கு சார், நிற்பதற்கு! மலையில் இறங்குகிறவர் சீட்டில் உட்காருவதே அபூர்வம். இரண்டு பெடல் மீதும் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, சைக்கிளைத் தனக்குக் கீழே குதிக்கவிட்டுப் போக வேண்டும். உடம்பின் கனம் முழுக்கக் கால் வழியாகத்தான் இறங்குகிறது. அதனால்தான் இந்த ஆட்டத்தில் டயருக்கும் பிரேக்குக்கும் சமமாகப் பெடலைப் பற்றியும் சண்டை போடுகிறார்கள். சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வதா, சும்மா மேலே வைத்துக்கொள்வதா?

ஆரம்ப காலத்தில் இந்தச் சண்டையே கிடையாது. 1976 அக்டோபர் 21-ம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்து மலையில், சார்லி கெல்லி, ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர் போன்ற சினேகிதர்கள் கூடி ஒரு பந்தயத்தை ஆரம்பித்தார்கள். சுமார் இரண்டு மைல் மண் ரோடு, அதற்குள் 1,300 அடி இறக்கம். சைக்கிள்களோ அரதப் பழசு. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை கீழே வருவதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் முழுக்கப் புகையாகப் போய்விடும். மறுபடி பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி 'ரீ-பேக்' செய்ய வைத்ததால் அந்த ரோட்டுக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. பாதுகாப்புக் கவசம்? ஜீன்ஸ் பேன்ட், கனமான பூட்ஸ். அவ்வளவுதான்! ஃபிஷரின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 நொடி.

அதே காலத்தில் ரோட்டுப் பந்தயக்காரர்கள் பெடலில் ஒரு கம்பிக் கூண்டு மாட்டி, காலை உள்ளே விட்டு, வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூண்டுக்கு 'டோ கிளிப்' என்று பெயர். 1984-ல் பிரான்ஸின் லுக் கம்பெனி பனிச்சறுக்குக் கட்டையில் பூட்ஸை மாட்டும் உத்தியைச் சைக்கிளுக்குக் கொண்டு வந்தது. ஷூவின் அடியில் ஒரு துண்டு. அதைப் பெடல் மீது வைத்து அழுத்தினால் 'க்ளிக்'. குதிகாலை வெளிப்பக்கம் திருகினால் விடுதலை. அடுத்த வருஷமே அந்தப் பெடலை மிதித்து பெர்னார்ட் ஹினால்ட் டூர் டி பிரான்ஸ் ஜெயித்ததும், கூண்டுக்குக் காலம் முடிந்தது. கூண்டு இல்லாததால் இதற்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர் வைத்தார்கள். கால் கெட்டியாக மாட்டிக்கொள்ளும் பெடலுக்குப் பெயர் 'கிளிப் இல்லாதது'! இங்கிலீஷ்காரன் பெயர் வைக்கிற லட்சணம் இப்படி.

மலை சைக்கிளுக்கென்று ஜப்பானின் ஷிமானோ 1990-ல் எஸ்.பி.டி. பெடலைக் கொண்டு வந்தது. இதில் ஷூவின் அடித்துண்டு சின்னது, பள்ளத்துக்குள் பதிந்திருக்கும். சேற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஸ்க்ரூவைத் திருகி வைத்துக்கொள்ளலாம்.

பி.காம். படித்தவன் கையில் எதைக் கொடுத்தாலும் வரவு-செலவுதான் எழுதுவான். எழுதிப் பார்ப்போமே. மாட்டும் பெடலின் வரவுப் பக்கம்: கரடுமுரடில் சைக்கிள் எகிறினாலும் கால் நழுவாது. வேகமாக மிதிக்கும்போது கால் தன் இடத்திலேயே இருக்கும். மேடு ஏறுகிற 'கிராஸ்-கன்ட்ரி' பந்தயத்தில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. செலவுப் பக்கம்: வளைவில் சைக்கிள் சாயும்போது காலை எடுத்துத் தரையில் ஊன்ற வேண்டுமானால் முதலில் குதிகாலைத் திருக வேண்டும். பழகியவருக்கு அது கண் சிமிட்டும் நேரம். பழகாதவருக்கு..? வேடிக்கை என்னவென்றால், தலைகுப்புற விழுகிற பெரிய விபத்துகளில் உடம்பு திருகும்போது கால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். மாட்டிக்கொண்டு விழுவது சைக்கிள் நிற்கும்போதுதான்! புதுசாக மாட்டிய ஆசாமி நாலு பேர் பார்க்க நிறுத்துவார். கால் வராது. வெட்டின வாழைமரம் மாதிரி பக்கவாட்டில் அப்படியே சாய்வார். இதில் அடிபடுவது முழங்கையும் மானமும்தான்.

சாதாரணத் தட்டைப் பெடல் மட்டும் சாதுவா என்ன? பந்தயத்துக்கான தட்டைப் பெடலில் ஷூவைக் கவ்விப் பிடிக்கச் சின்னச் சின்ன இரும்பு முனைகள் நட்டுக்கொண்டிருக்கும். கால் ஒரு தடவை வழுக்கினால் பெடல் சுழன்று வந்து முன்னங்காலைக் காரட் மாதிரி சீவிவிடும். அதற்குத்தான் மலையேறுகிறவர்களுக்காக ஃபைவ் டென் கம்பெனி கண்டுபிடித்த, பாறையிலேயே ஒட்டும் 'ஸ்டெல்த்' ரப்பரை சைக்கிள் ஷூவுக்கும் போட்டார்கள்.

1990-களுக்கு அப்புறம், ஜெயிக்க வேண்டுமானால் மாட்டும் பெடல்தான் என்று ஏறக்குறைய தீர்ப்பே எழுதிவிட்டார்கள். தீர்ப்பைக் கிழித்துப் போட்டவர் ஆஸ்திரேலியாவின் சாம் ஹில். தட்டைப் பெடலைத் தவிர வேறெதிலும் கால் வைக்க மாட்டார். 2007-ல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் உலகக் கோப்பை. செங்குத்தான மலை. தேர்வுச் சுற்றில் வேகமாக வந்தவர்கள் கடைசியில் இறங்க வேண்டும். முதலில் போனவர்கள் நல்ல தடத்தில் போய்விட்டார்கள், பின்னால் நட்சத்திரங்கள் முறை வரும்போது மழை பிடித்துக்கொண்டது. தடமெல்லாம் வழுக்கு மரம்! பெரிய பெரிய பெயரெல்லாம் சேற்றில் புரள, ஹில் மட்டும் வளைவுக்கு வளைவு காலை வெளியே வீசி, ஊன்றி, மறுபடி பெடலில் வைத்து இறங்கி மூன்றாவதாக வந்தார். முதல் பரிசைவிட இந்த மூன்றாமிடத்தைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். மறு வருஷம் இத்தாலியின் வால் டி சோலேயில் உலக சாம்பியன்ஷிப். பட்டம் கையில் கிடைத்தது என்கிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தவர், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வளைவில் சறுக்கி விழுந்தார். எழுந்து வந்தும் மூன்றாவதுதான். அது பெடல் செய்த கோளாறு அல்ல, டயர் பிடிமானம் விட்டதுதான். ஆனாலும் 2006, 2007, 2010 என்று மூன்று தடவை உலக சாம்பியன். அப்புறம் எண்டியூரோ உலகத் தொடர் என்ற வேறு வகைப் போட்டிக்குப் போய் 2017, 2018, 2019 மூன்று வருஷமும் சாம்பியன். எண்டியூரோவில் மிதிக்கிற வேலையும் உண்டு என்பதால், தட்டைப் பெடல் உதவாது என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், இதில் எந்தப் பெடல் உசத்தி என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. எப்போது விழப் போகிறோம், எப்படி விழப் போகிறோம் என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கிற விஷயம் இது. விழவே மாட்டேன் என்று யாரும் இறங்குவதில்லை.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். ரோட்டுப் பந்தயத்தில் ராஜாவான நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் போல் மலை சைக்கிளிலும் தங்கம் வாங்கிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். தடத்தில் ஒரு பாறை. அதிலிருந்து இறங்கப் பயிற்சியின்போது ஒரு பலகைச் சரிவு போட்டிருந்தார்கள். பந்தயத்தன்று பலகை இல்லை. மற்றவர்கள் பாறையிலிருந்து தாவிப் போனார்கள். இவர் பலகை இருக்கும் என்று நம்பி முன்சக்கரத்தை இறக்கினார். சக்கரம் குத்துக்கரணம், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தரையில்! கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். தங்கம் வாங்கியது இங்கிலாந்தின் டாம் பிட்காக். இந்த பிட்காக் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், பயிற்சியில் கார் மோதிக் காறை எலும்பை முறித்துக்கொண்டவர். சைக்கிள்காரர்களுக்கும் காறை எலும்புக்கும் அப்படி ஒரு ராசி. விழும்போது கையை நீட்டுவோம் அல்லது தோள்பட்டையில் விழுவோம். எப்படியானாலும் அடியின் வேகம் போய்ச் சேருவது அந்த மெல்லிய எலும்பில்தான்.

கவசங்களுக்கு வருவோம். டவுன்ஹில்லில் தாடையையும் மூடுகிற முழு ஹெல்மெட் கட்டாயம், பயிற்சிக்கும் சேர்த்து. உள்ளே இருப்பது என்ன தெரியுமா? டி.வி. பெட்டியில் வருகிற தெர்மாகோலின் அண்ணன். விழும்போது அது நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவைதான் நசுங்கும். பலமாக விழுந்த ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். (ஸ்கூட்டர் கண்ணாடியில் தொங்கவிட்டு ஆபீஸ் போகும் அன்பர்களும் இதைக் கவனிக்கவும். தொங்குகிற ஹெல்மெட் கண்ணாடியைத்தான் காப்பாற்றும்.)

நேரடி அடியைவிட மூளைக்கு மோசமானது திருகல். தயிர்ப் பாத்திரத்தை வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள். பாத்திரம் திரும்பிவிடும், உள்ளே தயிர் கலங்கும். ஸ்வீடனின் மூளை சர்ஜன் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட், ஆராய்ச்சியாளர் பீட்டர் ஹால்டின் இருவரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஹெல்மெட்டுக்குள்ளே தலையையொட்டி வழுக்குகிற மாதிரி ஒரு மெல்லிய அடுக்கு. அடிபடும்போது அது 10 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்து திருகலைக் குறைக்கிறது. 'மிப்ஸ்' என்று மஞ்சள் வட்டம் ஒட்டி வருவது அதுதான்.

முட்டிக் கவசத்தில் இன்னொரு ஜாலம். சோள மாவைக் கெட்டியாகக் கரைத்து விரலை மெல்ல விட்டால் உள்ளே போகும். ஓங்கிக் குத்தினால் கல்லாகும். அந்தக் குணத்தோடு ஒரு பொருளை இங்கிலாந்தில் ரிச்சர்ட் பால்மர் உருவாக்கினார், பெயர் டி3ஓ. மிதிக்கும்போது ரப்பர் போல மடங்கும், பாறையில் பட்டால் இறுகும். தென்னாப்பிரிக்க டாக்டர் கிரிஸ் லெட் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகக் கண்டுபிடித்த கழுத்துப் பட்டையும் மலைக்கு வந்தது. ஆனால் தலையைத் திருப்ப இடைஞ்சல் என்று முன்னணி ஆட்கள் பலர் மாட்டுவதில்லை. 1994-ம் வருஷ உலக சாம்பியன் மிஸ்ஸி ஜியோவ் கழுத்தில் மாட்டியது வேறு: செத்துக் காய்ந்த, தான் வளர்த்த பிரானா மீன்! அதற்கு ஏதாவது பாதுகாப்புத் தரச் சான்றிதழ் இருந்ததாகத் தெரியவில்லை.

சிரித்தாகிவிட்டது. ஆனால் கவசம் எதுவும் முதுகெலும்புக்குப் பூரண காவல் இல்லை. 2007-ல் அமெரிக்காவின் டாரா லேன்ஸ் கொலராடோவில் ஒரு பந்தயத்தில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. 2019-ல் நியூசிலாந்தின் ப்ரூக் மெக்டொனால்ட் கனடாவில், உலக சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய பயிற்சியிலேயே விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டு, ஹெலிகாப்டருக்காகப் பல மணி நேரம் மலையிலேயே கிடந்தார். மெக்டொனால்ட் நடக்கப் பழகி, போட்டிக்கும் திரும்பினார். லேன்ஸ் சக்கர நாற்காலி கூடைப்பந்துக்குப் போய், 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் கனடா அணிக்கு விளையாடினார்.

இவ்வளவும் எதற்காக? இங்கிலாந்தின் ஸ்டீவ் பீட் உலக சாம்பியன்ஷிப்பில் 2000, 2001, 2002, 2008 என்று நாலு தடவை இரண்டாவதாக வந்தவர். 2009-ல் கான்பெராவில் 35 வயதில் ஒருவழியாக ஜெயித்தார். வித்தியாசம் 0.05 நொடி. அன்றைக்கு அந்த 0.05 நொடியில் தோற்ற தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார், 2021-ல் 39 வயதில், சாம் ஹில் விழுந்த அதே வால் டி சோலேயில் இறங்கி நாலாவது தடவையாக உலக சாம்பியன் ஆனார்.