நண்டுத் தீவில் ஒரு மாலை
புரோகா மலை ஏறி, லாலாங் புல்லுக்கு நடுவே நின்று சூரிய உதயம் பார்ப்பது செமினிக்காரர்களுக்குப் பழகிய சங்கதி. அஸ்தமனம் பார்க்க வேண்டுமா? போர்ட் கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் இறங்குங்கள், படகுத்துறை பக்கத்திலேயே. படகேறினால் பூலாவ் கெத்தாம், அதாவது நண்டுத் தீவு. சேற்றில் கால் ஊன்றி நிற்கும் மீனவர் வீடுகள். கார் கிடையாது, சைக்கிள்தான். நீர் வற்றினால் வீட்டுக்கடியில் நண்டு ஊர்வது தெரியும்.

ஒரே சிக்கல், நேரம். சபா, சரவாக்கோடு ஒத்துப்போகத் தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். அதனால் இங்கே பொழுது சாய ஏழு மணி தாண்டிவிடும். கடைசிப் படகு அதுவரை காத்திருக்காது. ஓரிரவு தங்குகிற மாதிரியே போங்கள்.