வேகம் போனாலும் நீச்சல் போகாது

போட்டி நீச்சலை நிறுத்தியவரின் உடம்பில் முதலில் குறைவது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன். எட்வர்ட் காய்ல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், கடும் பயிற்சியிலிருந்த ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் பயிற்சியை விட்ட மூன்றே வாரத்தில் இந்தத் திறன் 7 விழுக்காடு சரிந்தது. எட்டு வாரத்தில் சரிவு 16 விழுக்காடானது. ரத்தத்தின் அளவு குறைவதால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் ரத்தமும் குறைகிறது. தசைகளில் ஆற்றல் தயாரிக்கும் நொதிகளும் பிறகு இறங்குகின்றன. நீச்சல் வீரர்களும் இந்த விதிக்குத் தப்பியவர்கள் அல்லர். ஆனால் கையை எந்தக் கோணத்தில் தண்ணீரில் இறக்குவது, எப்போது மூச்சை விடுவது, பதறாமல் மிதப்பது எப்படி என்ற அறிவு தசையில் இல்லை. சிறுமூளையும் மூளையின் அடிப்பகுதி நரம்புத் திரள்களும் சேர்ந்து காக்கும் செயல்முறை நினைவு அது. பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் நிற்கும். நீச்சல் பழகியவனுக்கு மறக்காது என்று ஊரில் சொல்வது நரம்பியல்படியும் சரியே.

ஓய்வுபெற்ற நீச்சல் வீரரிடம் சமூகம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. நாமோ அழியும் பகுதிக்குப் பரிசு கொடுத்துவிட்டு, அழியாத பகுதியை வீணாக்குகிறோம். ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், பதின்மூன்று வயதுக்குள், ஒரே ஆண்டில் ஆறு கடற்பகுதிகளை நீந்தி, நெடுந்தூரக் கடல் நீச்சல் வீரர் மிகிர் சென்னின் சாதனையைக் கடந்தார். அர்ஜுனா விருதும் கிடைத்தது. ஆனால் ஆதரவாளர்கள் கிடைக்காமல் நீச்சலை விட்டுப் பொறியியல் படிப்பின் பக்கம் திரும்பினார். அது அவருக்கு நல்ல வாழ்க்கைதான். நாம்தான் ஓர் ஆசிரியரை இழந்தோம். சிறு வயதில் நீரில் மூழ்கிப் பிழைத்து, சென்னை ஷெனாய் நகரில் நீச்சல் கற்று, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நீந்திய நிஷா மில்லட், ஓய்வுக்குப் பின் பெங்களூரில் நீச்சல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அந்த வழி பெருநகரத்தோடு நின்றுவிடக் கூடாது.

தருமபுரி மாவட்டத்துக்கு அது அதிகம் தேவை. ஒகேனக்கல்லில் காவிரி பாறைப் பிளவுகளுக்குள் சுழித்து ஓடுகிறது; கர்நாடக அணைகள் திறக்கப்பட்டால் நீர்வரத்து திடீரென ஏறும். தென்பெண்ணையும் வாணியாறு, தொப்பையாறு அணைகளும் விவசாயக் கிணறுகளும் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. உலகில் 2021இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பது அது பரிந்துரைக்கும் தடுப்பு வழிகளில் ஒன்று.

நீச்சல் தெரிந்தால் துணிச்சல் கூடி ஆபத்தும் கூடுமே என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமான அச்சம். வங்கதேசத்தின் ‘ஸ்விம்சேஃப்’ திட்டம் அதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அங்கே 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நீந்துவதோடு மிதக்கவும், கரையில் நின்றபடியே பிறரை மீட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பயின்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. ஊருக்கு ஊர் நீச்சல்குளத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியும் அங்கே தீர்ந்தது: குட்டைகளில் மூங்கில் மேடை அமைத்தே நடத்தினார்கள். கற்பித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், சாம்பியன்கள் அல்லர் என்பது என் வாதத்துக்கு இவற்றைவிட வலுவான மறுப்பு. அதை ஏற்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாம்பியன் தேவையில்லை. அந்த உள்ளூர் ஆசிரியர்களைப் பழக்கத்தான் தேர்ந்தவர் வேண்டும். பிள்ளையின் இடுப்பு ஏன் அமிழ்கிறது, தலையை எவ்வளவு தூக்கினால் கால் இறங்குகிறது என்பதை ஒரே பார்வையில் பிடிக்கும் கண், ஆயிரக்கணக்கான மணி நேரம் நீரில் கிடந்தவருக்கே வாய்க்கும். குளத்தில் நீந்தியவருக்கு ஆறு தெரியாது என்பதும் உண்மைதான். ஆற்றை அறிந்த பரிசல் ஓட்டிகள் ஒகேனக்கல்லிலேயே இருக்கிறார்கள். இருவரையும் ஒரே பயிற்சிக் குழுவில் சேர்க்க வேண்டும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்ற நீச்சல் வீரர்கள் பலர் அலுவலக மேசைகளில் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் அவர்களை ஊதியத்தோடு அயற்பணியில் அனுப்ப விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிக் கல்வித் துறையும் ஆணையிட வேண்டும். முதல் முகாமை ஒகேனக்கல் அடங்கிய பென்னாகரம் வட்டத்தில் தொடங்கட்டும்.