கட்டிய கைக்கு என்ன பொருள்?

திருவண்ணாமலைக் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பவர்கள்கூட, வாசலுக்குள் நுழைந்ததும் கூட்டத்தில் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வதில் மும்முரமாகிவிடுகிறார்கள். அந்த வாசல் சுவர்களில் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணங்கள் சிற்பங்களாக ஆடிக்கொண்டிருக்கின்றன. மொத்தம் 108 கரணங்கள். கையும் காலும் உடலும் சேர்ந்து அமையும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. சிதம்பரம் கோபுரத்தில் இதே கரணங்களோடு சாஸ்திரத்தின் ஸ்லோகங்களையும் பொறித்திருக்கிறார்கள். எந்த நிலை எது என்ற குழப்பத்துக்கு அங்கே இடமில்லை.

வேலைக்கான நேர்காணலில் அந்த வசதி கிடையாது.

செங்கம், போளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஃபைலை மார்போடு அணைத்தபடி உள்ளே வருகிறார். "உட்காருங்க" என்ற பிறகே நாற்காலியின் நுனியில் அமர்கிறார். கையைக் கட்டிக்கொள்கிறார், பார்வை மேசையைவிட்டு எழவில்லை. கேள்வி புரிந்தது என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, "சரிங்க சார்" என்கிறார். பெரியவர்கள் முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக் கொடுத்தார்களோ, அதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. மேலைநாட்டுக் கையேடு படித்த தேர்வாளர் கண்ணுக்கோ, கட்டிய கை எதையோ மறைக்கிறது. தாழ்ந்த பார்வை தன்னம்பிக்கைக் குறைவு. ஆடும் தலை ஆமாவா, இல்லையா என்றே தெரியவில்லை.

'பேச்சில் சொற்களின் பங்கு வெறும் 7 சதவீதம், உடல்மொழிக்கு 55 சதவீதம்' என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. அவர் ஆராய்ந்தது விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகள் வெளிப்படும் விதத்தை மட்டுமே. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே விளக்கம் சொல்லியும், கணக்கு மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

அதற்காக உடல்மொழியை ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தியாவில் பிறந்த உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தாலுடன் சேர்ந்து 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஹார்வர்டில் வகுப்பெடுத்த 13 பேரின் ஒலியில்லாத வீடியோத் துணுக்குகளை, ஒவ்வொன்றும் 10 விநாடி, முன்பின் அறியாதவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் தந்த மதிப்பீடு, பருவ முடிவில் மாணவர்கள் தந்த மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்துப்போனது. ஒருவரைப் பிடிக்குமா என்பதைப் பார்த்தவுடனே நாம் முடிவுசெய்துவிடுகிறோம். அவர் நன்றாக வேலை செய்வாரா என்பது வேறு கேள்வி.

'நிமிர்ந்து, கையை விரித்து 2 நிமிடம் நின்றால் உடலின் ஹார்மோனே மாறும்' என்ற 2010ஆம் ஆண்டு ஆய்வும் நிலைக்கவில்லை. அதில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015இல் சுமார் 200 பேரிடம் மறுபடி சோதித்தபோது ஹார்மோன் மாறவில்லை. முதல் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டானா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என 2016இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்.

ஆகவே கண்ணாடி முன் நின்று மாய நிலைகள் பழக வேண்டியதில்லை. செய்ய வேண்டியது எளிது. நாற்காலியில் முழுதாக உட்காருங்கள். கைகள் மடியிலோ மேசையிலோ இருக்கட்டும். கேட்டவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். விழி இமைக்காமல் முறைக்க வேண்டாம். தலையாட்டுவதோடு நிறுத்தாமல் "ஆமாம் சார்", "இல்லை மேடம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நண்பரைக் கேள்வி கேட்கச் சொல்லி, செல்போனில் பதிவுசெய்து ஒருமுறை பார்த்தால் மீதி தானே தெரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போடும் நேர்காணல்தான் ஒருவரின் வேலைத்திறனைக் கூடுதலாகக் காட்டுகிறது என்பது பல்லாண்டு ஆய்வுகளின் முடிவு. அதையும் கடைப்பிடியுங்கள். கைகட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தால், மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் "கையை எடுத்துட்டு நிதானமாப் பேசுங்க தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.