வீட்டுக்குள் ஒரு வாடிவாசல்!

செஸ் எஞ்சினைச் சோதிக்க எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?

அலங்காநல்லூர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது வாடிவாசல். பொங்கல் வந்துவிட்டால் அங்கே காளைகள் சீறிப் பாயும். கொம்பைப் பார்த்தும் திமிலைப் பார்த்தும் ஒரு காளையைப் புகழலாம். ஆனால் அதன் உண்மையான பலம் வாடிவாசலைத் தாண்டிய பிறகுதான் தெரியும்!

இதே போன்ற சோதனைக் களத்தை வீட்டுக்குள்ளேயே அமைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே அவிழ்த்து விடப்படுவது காளை அல்ல, செஸ் எஞ்சின்!

அது என்ன எஞ்சின்?

பெயரைக் கேட்டதும் புகை விடும் எந்திரம் என்று எண்ண வேண்டாம். சதுரங்கத்தில் அடுத்து எந்தக் காயை நகர்த்தலாம் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் புரோகிராம்தான் அது.

1997-ம் ஆண்டு மே மாதம் "டீப் புளூ" என்ற கம்ப்யூட்டர், உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. ஒரு வினாடிக்கு 20 கோடி நிலைகளை அது ஆராய்ந்தது. அடேயப்பா! அதன் எடை ஒரு டன்னுக்கும் மேல். இன்று சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியில் ஓடும் "ஸ்டாக்பிஷ்" எஞ்சின் அதைவிடப் பலசாலி.

ஸ்டாக்பிஷ் 2008-ம் ஆண்டு வெளிவந்தது. விலை கிடையாது. அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதால் பலம் கூடியதா, குறைந்ததா? அதை அறியத்தான் சோதனை. பழைய எஞ்சினும் புதிய எஞ்சினும் மோத வேண்டும்.

ஓர் ஆட்டம் போதாதா?

போதாது! ஒரே ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் புகுந்துவிடும். நூறு ஆட்டம் நடந்தாலும் முடிவு உறுதி இல்லை. செஸ் பலத்தை "எலோ" என்ற புள்ளியால் அளப்பார்கள். பாதி ஆட்டங்கள் சமனில் முடிவதாக வைத்துக்கொள்வோம். 100 ஆட்டங்களில் கிடைக்கும் விடை சுமார் 50 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். 10,000 ஆட்டங்கள் நடந்தால் அந்தத் தவறு சுமார் 5 புள்ளியாகச் சுருங்கும்.

பத்தாயிரம் ஆட்டமா என்று மலைக்க வேண்டாம். ஓர் எஞ்சினுக்கு 10 வினாடி, அதோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்று நேரம் கொடுத்தால், ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

எதைப் பார்த்து வாங்குவது?

கம்ப்யூட்டரின் மூளைக்குப் பிராசஸர் என்று பெயர். அந்த மூளைக்குள் பல சிறு மூளைகள் உண்டு. அவற்றைக் "கோர்" என்பார்கள். ஒரு கோரில் ஓர் ஆட்டம் நடத்தலாம்.

ஒரே கோரில் 10,000 ஆட்டம் முடிய சுமார் மூன்றரை நாள் ஆகும். எட்டு கோர் இருந்தால், ஒன்றை மற்ற வேலைக்கு விட்டுவிட்டு ஏழு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தலாம். 12 மணி நேரத்தில் முடிந்துவிடும்! ஆகவே கோர்களின் எண்ணிக்கையே முதலில் பார்க்க வேண்டியது.

சில புதிய பிராசஸர்களில் பெரிய கோரும் சிறிய கோரும் கலந்திருக்கும். ஓர் எஞ்சின் பெரிய கோரிலும் அதன் எதிரி சிறிய கோரிலும் ஓடினால் போட்டி நியாயமாக இராது. எல்லாக் கோரும் ஒரே மாதிரி இருப்பது நல்லது.

பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் "ஏ.வி.எக்ஸ். 2" என்ற வசதி உண்டா என்று கேட்க வேண்டும். அது இருந்தால் ஸ்டாக்பிஷ் வேகமாக ஓடும். 2013-க்கு முன் வந்த பிராசஸர்களில் அது கிடையாது.

எதற்குப் பணம் போட வேண்டாம்?

"கிராபிக்ஸ் கார்டு வேண்டும் அப்பா" என்று பையன் கேட்பான். கம்ப்யூட்டரின் விலையைவிட அதன் விலையே கூடுதலாகப் போவதும் உண்டு. அதற்காக நகையை அடகு வைக்கத் தேவையில்லை! "லீலா" போன்ற சில எஞ்சின்களுக்குத்தான் அது வேண்டும். ஸ்டாக்பிஷ் பிராசஸரிலேயே ஓடும்.

நினைவகமான "ராம்" 8 ஜி.பி. இருந்தால் ஏழு ஆட்டங்களுக்கும் தாராளம். பெரிய டிஸ்க்கும் அவசியம் இல்லை. பலகையில் ஆறு காய்கள் வரை மிஞ்சும்போது சரியான முடிவைச் சொல்லும் அட்டவணையைச் சேர்த்து வைக்க விரும்பினால் மட்டும் சுமார் 150 ஜி.பி. இடம் வேண்டும்.

வெயிலும் கரண்டும்

மதுரைப் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டுமா? இரவு பகலாக ஓடும் பிராசஸர் சூடேறினால், தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியில் இந்தத் தொல்லை அதிகம். காற்றோட்டமான இடத்தில் வைத்த மேசைக் கம்ப்யூட்டரே ஏற்றது. விசிறியில் படியும் தூசியை அடிக்கடி துடைக்க வேண்டும்.

125 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் நாள் முழுவதும் ஓடினால் 3 யூனிட் செலவாகும். இரண்டு மாதத்தில் 180 யூனிட்! எனவே சோதனை இருக்கும் நாளில் மட்டும் ஓட்டுவதே சிக்கனம். திடீரென்று கரண்ட் போனால் ஒழுங்காக நிறுத்த ஒரு சிறு யு.பி.எஸ். உதவும்.

கையில் பணம் இல்லையா?

அதற்கும் வழி உண்டு. 2013-ம் ஆண்டு "பிஷ்டெஸ்ட்" என்ற ஏற்பாடு தொடங்கியது. உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஓய்வு நேரத்தில் ஸ்டாக்பிஷ் சோதனைக்கு இரவல் கொடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் இப்படிச் சேர்ந்த சிறு உதவிகளால்தான் அந்த எஞ்சின் உலகின் முதல் வரிசைக்கு வந்தது. நாலு கோர் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டரும் இதில் சேரலாம்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் எத்தனை கோர் என்று ஒரு முறை பாருங்கள். தேடிப் போகிற காளை சொந்தத் தொழுவத்திலேயே நிற்கலாம்!